தெரியாத ஆளுக்கு நிறுத்தியவர்

குகதாசன் தன் நாற்பத்திரண்டு வயதுவரை எந்தக் குற்றமும் செய்ததில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்குத்தான் முதன்முதலாகச் செய்தார். வீதியின் குறுக்கே மஞ்சள் கோடு போட்ட கடவையில் தன் வானை நிறுத்தி, நடந்து போகிற ஒருவருக்கு வழிவிட்டார்.

அவர் பாடசாலை வான் ஓடுகிறவர். உடுவிலைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் பதினொரு பெண்பிள்ளைகளை ஏற்றிப்போய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்குவதும், பின்னேரம் ஒன்றரைக்குப் போய்த் திரும்ப ஏற்றி வருவதும் அவருடைய தொழில். பத்து வருடத்தில் ஒரு பிள்ளையின் தண்ணீர்ப்போத்தல்கூட அந்த வானுக்குள் உருண்டதில்லை என்று தாய்மார் சொல்வார்கள். முடக்குகளில் ஹோர்ன் அடித்துவிட்டுத்தான் திரும்புவார். ஒழுங்கையில் மாடு நின்றால், மாடு யோசித்து முடிக்கும்வரை தானும் நிற்பார். மாட்டுக்காக நிற்பதைப் பற்றி அதுவரை ஒருவரும் முறைப்பாடு செய்திருக்கவில்லை.

அன்று காலை ஏழு பத்துக்குப் பிள்ளைகளோடு பிரதான வீதியால் போகும்போது, மஞ்சள் கடவைக்குப் பக்கத்தில் ஒரு பெண் குடையும் கிளினிக் கொப்பியுமாக நிற்பதைக் கண்டார். பின்னால் மினிபஸ் ஒன்று முட்டுவதுபோல் வந்துகொண்டிருந்ததால் நிறுத்தத் துணிவு வரவில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டு ஏழே முக்காலுக்குத் திரும்பி வந்தால், அதே பெண் அதே இடத்தில் நிற்கிறார். எதிர்ப்பக்கத்தில் கண் கிளினிக். இடையில் இருபதடி வீதி. குகதாசனுக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததால் பிரேக்கை மிதித்தார். பிறகு நடந்த விசாரணைகள் எல்லாவற்றிலும் அவர் சொன்ன காரணம் இது ஒன்றுதான். அதை ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை.

அந்தக் கடவையைப் பூசி மூன்று வருடம் ஆகியிருந்தது. அதில் எந்த வாகனமும் நின்றதாக ஊரில் யாருக்கும் நினைவில்லை. கடக்க வருகிறவர்கள் கோட்டருகே நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு ஓடுவார்கள். அதனால் வான் நின்றதும் அந்தப் பெண் வீதியில் இறங்கவில்லை. நேரே வானின் யன்னலடிக்கு வந்தார்.

“ஆற்றை வீடு தேடுறியள், தம்பி?”

“ஒருத்தற்றை வீடும் இல்லை அம்மா. நீங்கள் போங்கோ.”

“எங்கை?”

“அங்காலை.”

“நான் அங்காலைதான் போறனெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. சும்மா போங்கோ அம்மா, நான் நிக்கிறன்.”

“ஐயோ வேண்டாம். உங்களுக்கு ஆயிரம் அலுவல் இருக்கும். நீங்கள் போங்கோ. வாகனம் காத்து நிக்க நான் குறுக்காலை போறது மரியாதையில்லை.”

இப்படி இரண்டு பேரும் மாறி மாறி மரியாதை கொடுத்துக்கொண்டிருக்க, பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் வானில் முட்டியது. மோட்டார் சைக்கிளில் ஓட்டோ முட்டியது. ஓட்டோவில் நடராசா என்கிற தோட்டக்காரரின் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் முட்டி, அதன் பெட்டியிலிருந்த சின்ன வெங்காயம் அவ்வளவும் வீதியில் கொட்டுண்டது. காயம் என்று சொல்லும்படி ஒருவருக்கும் இல்லை. மோட்டார் சைக்கிள்காரரின் ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் இடையில் செருகியிருந்த போன்கூட விழவில்லை. அவர் அதில் கதைத்துக்கொண்டே எழும்பி, “உவன் ஏன் நிப்பாட்டினவன்?” என்று கேட்டார்.

கூடிய சனமும் அதையேதான் கேட்டது. வந்த பொலிஸ்காரரும் அதையேதான் கேட்டார்.

“இவவுக்கு நிப்பாட்டினனான், சேர்.”

“இவ உமக்கு ஆர்?”

“தெரியாது, சேர்.”

பொலிஸ்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். “தெரியாத ஆளுக்கோ நிப்பாட்டினனீர்?” என்று மெதுவாகக் கேட்டார். பிறகு சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். இந்தக் கலவரத்துக்குள் கிளினிக்கில் நோயாளருக்கு இலக்கம் கொடுத்து முடிந்துவிட்டது. அந்தப் பெண், கரவெட்டிப் பூரணம், வீதியைக் கடக்காமலேயே பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார்.

குகதாசனின் லைசென்ஸ் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. போயிருந்தால் நல்லது என்று பிறகு எத்தனையோ தரம் நினைத்தார். சிறிய வீதிப் பிணக்குகளை இணக்கமாகத் தீர்க்கவென்று வீதி நாகரிக மேம்பாட்டுப் பேரவை என்றொரு சபை இருந்தது. அதற்கு அனுப்பிவிட்டார்கள். தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பேரவை சும்மா இருக்கவில்லை. இரண்டு இலச்சினை, ஒரு கீதம், நானூறு வெள்ளை ரீசேட், பதினாறு கலந்துரையாடல் என்று அதன் சாதனைகள் வாசலில் பலகையாக எழுதித் தொங்கின. அந்தப் பலகையை வாசிக்க வேண்டுமானால் நடுவீதியில் நின்றுதான் வாசிக்கவேண்டும். நடைபாதை முழுவதும் பேரவை உறுப்பினர்களின் கார்கள் நின்றன.

தலைவர் பரமலிங்கம் ஏதோவொரு திணைக்களத்தில் ஏதோவொரு பணிப்பாளராக இருந்து இளைப்பாறியவர். அவருடைய காரில் பிரேக்குக்கு முதல் ஹோர்ன்தான் தேயும் என்று திருத்துகிறவர்கள் சொல்வார்கள். செயலாளர் கேதீஸ்வரன் கோப்புகளை நேசித்தார். கோப்புக்குள் இருக்கிற மனிதர்களோடு அவருக்குக் கோபதாபம் ஒன்றுமில்லை. மூன்றாவது ஆள் கனகாம்பிகை ரீச்சர். குடாநாட்டில் யாருக்கு யார் என்ன முறை என்பது அவருக்குத் தெரியும். தெரியாவிட்டால் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். இந்த மூன்று பேரும்தான் விசாரணைக் குழு.

முதல் விசாரணை வெள்ளிக்கிழமை நடந்தது. பூரணத்தையும் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். குழுவுக்குத் தேத்தண்ணி வந்தது.

“தம்பி,” என்று தலைவர் தொடங்கினார், “வீதியிலை வாகனத்தை நிப்பாட்டக் கூடாதெண்டு நாங்கள் சொல்லேல்லை. தாராளமாய் நிப்பாட்டலாம். கோயில் வாசல் வந்தால் நிப்பாட்டலாம். செத்தவீட்டு ஊர்வலம் வந்தால் நிப்பாட்டலாம். எதிரை தெரிஞ்ச ஆள் வந்தால், இரண்டு வாகனத்தையும் பக்கத்திலை பக்கத்திலை நிப்பாட்டி அரை மணித்தியாலம் கதைக்கலாம். நானே கதைக்கிறனான். பின்னாலை நிக்கிறவைக்கும் விளங்கும், சொந்தக்காரர் கதைக்கினமெண்டு. ஆனால் நீர் செய்தது என்ன? முன்பின் தெரியாத ஒரு பொம்பிளையைக் கண்டு நிப்பாட்டியிருக்கிறீர். இதிலை எங்களுக்கு என்ன விளங்குது?”

“அவ அரை மணித்தியாலத்துக்கு மேலை அங்கை நிண்டவ, ஐயா.”

“நிக்கட்டுமே. நிக்கிறதுக்குத்தானே கடவை போட்டிருக்கு.”

செயலாளர் பேரவையின் ஏழாம் சுற்றறிக்கையைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். “தலைவர், ஒரு வழி இருக்கு. உறவினருக்கு நிப்பாட்டினது எண்டால் குற்றமில்லை. இவ இவருக்கு ஏதாவது முறை எண்டு காட்டினால் கோப்பை இண்டைக்கே மூடலாம்.”

“மாமி எண்டு எழுதுங்கோவன்,” என்றார் பூரணம். “எனக்கு என்ன வந்தது. நல்ல பெடியன்.”

“அப்பிடி எழுதேலாது அம்மா. நிரூபிக்கவேணும்.”

அதுவரை பேசாமலிருந்த கனகாம்பிகை ரீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “தம்பி, நீர் ஆற்றை மகன்?”

குகதாசன் தகப்பன் பெயரைச் சொன்னார்.

“தாயின்ரை தகப்பன்?”

சொன்னார்.

“பொயிலை வியாபாரமோ?”

“ஓம் ரீச்சர்.”

“அப்ப கரவெட்டிப் பக்கம் போய்வந்திருப்பார்.” ரீச்சர் பூரணத்தின் பக்கம் திரும்பினார். “உங்கடை தகப்பன் பகுதியிலை ஆராவது வலிகாமத்திலை சம்பந்தம் செய்தவையோ?”

அதன்பிறகு வீதியைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. இரண்டு பேரின் பரம்பரையையும் ரீச்சர் மூன்று தலைமுறைக்குப் பின்னால் கொண்டுபோனார். செயலாளர் பக்கம் பக்கமாக எழுதினார். பூரணத்தின் புருசன், அவருடைய தம்பிமார், அவர்கள் பெண்ணெடுத்த ஊர்கள், கிணற்றில் தவறி விழுந்த ஒரு சித்தப்பா, எல்லாரும் கோப்புக்குள் வந்து சேர்ந்தார்கள். பத்து வருடமாக ஒரே ஒழுங்கையில் இருக்கிறவரைப் பற்றித் தெரிந்திருப்பதைவிட அதிகமாகக் குகதாசன் அன்று பூரணத்தைப் பற்றித் தெரிந்துகொண்டார். இரண்டு மணித்தியாலத்தின் முடிவில் ரீச்சர் பேனையை மேசையில் வைத்தார்.

“பிடிச்சிட்டன். பூரணத்தின்ரை மச்சாளின்ரை மகன் உடுவிலிலை கலியாணம் செய்தவர். பொம்பிளை இந்தத் தம்பிக்கு ஒண்டுவிட்ட தங்கச்சி. அப்ப பூரணம் தம்பிக்கு மாமி முறைதான்.”

எல்லாரும் மூச்சு விட்டார்கள். குகதாசன் லைசென்ஸை வாங்கக் கையைக்கூட நீட்டிவிட்டார். அப்போது பூரணம் உண்மையைச் சொன்னார். “அந்தப் பிள்ளையள் கனடாவிலை பிரிஞ்சு நாலு வருசமாச்சே ரீச்சர்.”

செயலாளர் சுற்றறிக்கையைப் புரட்டினார். “விவாகரத்துக்குப் பிறகு மாமி செல்லாது,” என்று எழுதி, விசாரணையை அடுத்த வெள்ளிக்குத் தள்ளிவைத்தார்.

குகதாசன் வீட்டுக்கு வந்தபோது மனைவி தக்சாயினி அடுப்படியிலிருந்து வெளியே வந்து அவருடைய கைகளைத்தான் முதலில் பார்த்தார். கைகள் வெறுமையாக இருந்தன.

“பிள்ளையளை எல்லாம் நிருஷனின்ரை வானிலை விட்டிருக்கினம்,” என்றார் தக்சாயினி. “தனுசியாவின்ரை தாய் கதைச்சவ. பிள்ளைக்கு இருக்க இடமில்லையாம். என்ஜின் மூடியிலை இருத்திக்கொண்டு போறானாம்.”

நிருஷனின் வானைக் குகதாசனுக்குத் தெரியும். பன்னிரண்டு பேர் போகிற வானில் இருபத்திரண்டு பேர் ஏற்கெனவே போனார்கள். நிருஷன் முழங்காலால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் போனில் எழுதுவான். ரயில் கடவையில் மணி அடிக்கத் தொடங்கினால்தான் அவனுக்கு வேகம் வரும். பதினொரு பிள்ளைகளும், அதில் தரம் இரண்டு படிக்கிற தனுசியா என்ஜின் மூடியிலும், அந்த வானுக்குள் இருந்தார்கள்.

“தாய்மார் என்ன சொல்லுகினம்?”

“வாற வெள்ளி பள்ளிக்கூடம் விடேக்கை நீங்கள் வானோடை வந்து நிண்டால் உங்களிட்டை. இல்லாட்டில் இந்தத் தவணை முழுக்க நிருஷனோடையாம். அவையும் என்ன செய்யிறது.”

புதன்கிழமை செயலாளர் கேதீஸ்வரன் தொலைபேசி எடுத்தார். குரலில் தேன் வடிந்தது.

“குகதாசன், வாழ்த்துகள். இந்த வருசத்து முன்மாதிரிச் சாரதி நீர்தான்.”

குகதாசன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் காதில் வைத்தார்.

நடந்தது இதுதான். ஒவ்வொரு பேரவையும் தன் பிரதேசத்தில் கடந்த ஒரு வருடத்துக்குள் பாதசாரிக்கு வழிவிட்ட ஒரு சாரதியின் பெயரை, எழுத்துமூல ஆதாரத்துடன், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. பேரவை தன் உறுப்பினர்கள் எல்லாரிடமும் விசாரித்தது. ஒருவரும் வழிவிட்டிருக்கவில்லை. பலர் அந்தக் கேள்வியை அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். பாதசாரிக்கு வழிவிட்டதாக எழுத்தில் இருந்த ஒரே ஆள், பொலிஸ் அறிக்கையில் இருந்த குகதாசன்தான்.

“அப்ப என்ரை லைசென்ஸைத் தருவியளோ, ஐயா?”

“அது விசாரணைப் பிரிவு. நான் இப்ப விருதுப் பிரிவிலையிருந்து கதைக்கிறன்.”

“இரண்டுக்கும் நீங்கள்தானே செயலாளர்?”

“ஓம். ஆனால் கோப்பு வேறை. வெள்ளி காலமை பத்து மணிக்கு விருது, பன்னிரண்டு மணிக்கு உம்மடை விசாரணை. வானையும் கொண்டுவாரும், வாழைமரம் கட்டிப் படம் எடுக்கவேணும்.”

“லைசென்ஸ் இல்லாமல் எப்பிடி ஐயா வானைக் கொண்டுவாறது?”

கேதீஸ்வரன் கோப்பைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. “உம்மை வாகனம் ஓட்டக்கூடாது எண்டுதான் எழுதியிருக்கிறம். வான் வரக்கூடாது எண்டு எழுதேல்லை.”

ஆகவே வெள்ளிக்கிழமை காலை முன்மாதிரிச் சாரதி தன் வானில் கயிறு கட்டி, நடராசாவின் லான்ட்மாஸ்டரால் இழுபட்டு, பேரவை வாசலுக்கு வந்து சேர்ந்தார். வெங்காயம் கொட்டுண்ட ஆத்திரம் நடராசாவுக்குத் தீர்ந்திருந்தது. “தம்பி, உண்மையைச் சொன்னால் பிழை என்னிலைதான்,” என்றார் வழியில். “என்ரை பிரேக் வேலை செய்யாமல் ஒண்டரை வருசம். ஆனால் என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. கேட்டால் சொல்லியிருப்பன்.”

மண்டபத்தில் முதலில் மங்கல விளக்கு ஏற்றினார்கள். திரி பதினைந்து என்பதால் பதினைந்து பேரைத் தனித்தனியே பெயர் சொல்லி மேடைக்கு அழைத்தார்கள். பிறகு பேரவைக் கீதம், வரவேற்புரை, ஆசியுரை. தலைவர் நாற்பது நிமிடம் பிந்தி வந்தார். வந்ததும் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“அவையோர்களே, நான் ஏன் தாமதித்தேன் என்பதைச் சொல்லவேண்டும். வரும் வழியில் ஒரு சைக்கிள்காரர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். நான் ஒரு தடவைதான் ஹோர்ன் அடித்தேன். அந்த மனிதர் சைக்கிளோடு வேலிக்குள் விழுந்து எனக்கு வழிவிட்டார். இறங்கிப் போய் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வருகிறேன். இதுதான் வீதி நாகரிகம். நாற்பது வருடமாக நான் கார் ஓட்டுகிறேன். ஒரு பாதசாரியால் எனக்கு ஒரு நாளும் இடைஞ்சல் வந்ததில்லை. என் காரைக் கண்டால் சனம் தானாக ஒதுங்கும். அந்த மரியாதையை நான் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை.”

கைதட்டினார்கள். தலைவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

“விட்டுக்கொடுப்பு என்பது ஒரு ஒழுங்கில் நடக்கவேண்டும். சைக்கிள் மோட்டார் சைக்கிளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் காருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். நடந்து போகிறவர் எல்லாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டும். நடந்து போகிறவருக்கு யார் விட்டுக்கொடுப்பது என்று சிலர் கேட்கிறார்கள். அவருக்கு அவசரம் இருந்தால் ஏன் நடந்து போகிறார்?”

இதற்கு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் சாட்சியாக வந்திருந்த பூரணமும், எல்லாரும் தட்டுகிறார்களே என்று தட்டினார். பிறகு குகதாசனை மேடைக்கு அழைத்து, முன்மாதிரிச் சாரதி என்று எழுதிய கேடயத்தைக் கையில் கொடுத்து, பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் அவரைத் தோளோடு அணைத்துப் படம் எடுத்துக்கொண்டார். அது பேரவையின் முகநூலில் போவதற்காகச் சிரிக்கச் சொன்னார்கள். குகதாசன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். பதினொன்று ஐம்பது.

பன்னிரண்டு மணிக்கு அதே மண்டபத்தின் பின் அறையில் விசாரணை தொடங்கியது. பொன்னாடையைக் கழற்ற நேரமிருக்கவில்லை. மேடையில் அணைத்த தலைவர் இப்போது அவரை நிற்கவைத்துக் கேட்டார்.

“குற்றத்தை ஒப்புக்கொள்ளுறீரோ?”

“அதுக்குத்தானே ஐயா இப்ப விருது தந்தனீங்கள்.”

“விருதைப் பற்றி இந்தக் குழுவுக்கு ஒண்டும் தெரியாது,” என்றார் செயலாளர். அவர் மடியில் விருது விழாவின் பூமாலை கிடந்தது.

கனகாம்பிகை ரீச்சர் கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தார். கனடாவில் அந்தப் பிள்ளைகள் திரும்பச் சேர்ந்துவிட்டார்களா என்று பூரணத்திடம் விசாரித்தார். சேரவில்லை. பிறகு செயலாளர் ஒரு தாளை நீட்டினார். கையெழுத்து வைத்தால் லைசென்ஸ் இப்போதே கையில் என்றார். தாளில் இருந்தது இது: ‘இன்றுமுதல் முன்பின் தெரியாத எவருக்காகவும் வீதியில் வாகனத்தை நிறுத்தி வழிவிடமாட்டேன் எனவும், தெரிந்தவர்களுக்கும் உறவினர்களுக்கும் மாத்திரமே நிறுத்துவேன் எனவும், மீறினால் அனுமதிப்பத்திரத்தை நிரந்தரமாக இழக்கச் சம்மதிக்கிறேன் எனவும் இத்தால் உறுதியளிக்கிறேன்.’

குகதாசன் அதை இரண்டு தரம் வாசித்தார். ஒரு மனிதன் கையெழுத்து வைக்கக்கூடிய கடிதமாக அது அவருக்குத் தெரியவில்லை. குடையோடு நிற்கிற யாரையும் இனிக் காணாதமாதிரிப் போகவேண்டும். வெட்கமாக இருந்தது. ஆனால் மணி ஒன்று பத்து. ஒன்றரைக்குத் தனுசியா ஒரு வானில் ஏறத்தான் போகிறாள். அது எந்த வான் என்பதுதான் கேள்வி. பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார்.

லைசென்ஸோடு இன்னொரு தாளையும் குத்திக் கொடுத்தார்கள்.

“இது என்ன, ஐயா?”

“விசாரணை நடுநிலையாய் நடந்ததுக்குச் சான்று,” என்றார் செயலாளர். “உம்மை எங்களுக்குத் தெரியாது, உறவில்லை, பழக்கமில்லை எண்டு நாங்கள் மூண்டு பேரும் எழுதியிருக்கிறம். பிறகு ஒருத்தரும் கதை சொல்லக்கூடாதெண்டு நிர்வாகசபை முப்பது பேரும் கையெழுத்து வைச்சிருக்கினம். பத்திரமாய் வைச்சிரும்.”

குகதாசன் லைசென்ஸையும் தாளையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். நடராசா கயிற்றை அவிழ்த்து வைத்திருந்தார். வாழைமரத்தைக் கழற்ற நேரமில்லை. அது அப்படியே இருக்க, வானை எடுத்து வீதியில் இறக்கினார்.

விருது விழாவின் மதியபோசனம் வீதிக்கு எதிர்ப்பக்கத்துக் கலியாண மண்டபத்தில் ஏற்பாடாகியிருந்தது. பேரவை முழுவதும் கைகழுவத் தயாராக வீதியோரத்தில் வந்து நின்றது. பட்டு வேட்டியும் சேலையுமாக முப்பது பேர், முன்னால் தலைவர். அவர்கள் வழமையாகக் காரில் போய் இறங்குகிறவர்கள். இன்று எதிரேதானே என்று நடக்க வந்துவிட்டார்கள். மினிபஸ் போனது, லொறி போனது, ஓட்டோக்கள் போயின. தலைவர் கையை உயர்த்தினார். யாரும் அவரைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பெடியன் ஒரு தடவைதான் ஹோர்ன் அடித்தான். தலைவர் தானாகவே ஒதுங்கினார்.

அப்போதுதான் வாழைமரம் கட்டிய வான் மெதுவாக வந்தது.

“உது எங்கடை குகதாசன்,” என்றார் தலைவர் நிம்மதியாக. “தம்பி, நிப்பாட்டும்.”

வான் நிற்கவில்லை. ஊர்ந்தது. தலைவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யன்னலோடு சேர்ந்து நடந்தார்.

“நிப்பாட்டுமன் தம்பி. சாப்பாடு ஆறப்போகுது.”

“ஏலாது ஐயா. தெரியாத ஆக்களுக்கு நிப்பாட்டுறேல்லை எண்டு எழுதிக் குடுத்திருக்கிறன்.”

“என்னைத் தெரியாதோ? இப்பத்தானே பொன்னாடை போத்தினனான்.”

“எனக்கு உங்களைத் தெரியும் எண்டுதான் நானும் நினைச்சனான்,” என்றார் குகதாசன். உண்மையாகவே மரியாதையாகத்தான் சொன்னார். “ஆனால் தெரியாது எண்டு நீங்கள் முப்பது பேரும் கையெழுத்து வைச்சுத் தந்திருக்கிறியள். உங்களை மீறி நான் தெரியும் எண்டு சொல்லலாமோ?”

தலைவர் நடையை நிறுத்தினார். வான் பத்தடி தள்ளிப் போனது. பேரவையின் வால்பக்கத்தில், குடையும் கிளினிக் கொப்பியுமாகப் பூரணம் நின்றார். சாட்சிக்கும் சாப்பாடு உண்டு என்று சொல்லியிருந்தார்கள். குகதாசன் அவரைக் கண்டார். கரவெட்டிப் பூரணம். இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி, மூன்று தலைமுறையும் கோப்பில் இருக்கிறது, கிணற்றில் விழுந்த சித்தப்பாவரைக்கும். இந்த வீதியில் இவரைவிட நன்றாகத் தெரிந்த ஆள் தனக்கு யாரும் இல்லை என்று அவருக்குப் பட்டது. பிரேக்கை முழுவதுமாக மிதித்தார். கையை யன்னலுக்கு வெளியே நீட்டிப் பின்னால் வந்த பஸ்ஸையும் மறித்தார்.

“போங்கோ அம்மா.”

பூரணம் இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. குடையை மடக்கிக்கொண்டு, அவசரப்படாமல், வீதியைக் கடந்து போனார்.

பேரவை திகைத்து நின்றது. தலைவர் முன்னால் போகாமல் உறுப்பினர்கள் போகமுடியாது. தலைவரோ, தனக்காக நிற்காத வாகனத்துக்கு முன்னால் எந்த அடிப்படையில் போவது என்று செயலாளரைப் பார்த்தார். செயலாளர் சுற்றறிக்கையை மண்டபத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார். அதற்குள் பூரணம் அக்கரை சேர்ந்துவிட, குகதாசன் கியரைப் போட்டார். பள்ளிக்கூட மணி அடிக்க இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.

அவர் போய்ச் சேர்ந்தபோது நிருஷனின் வான் உறுமிக்கொண்டு நின்றது. பதினொரு பிள்ளைகளும் வாழைமரத்தைக் கண்டு சிரித்தபடி குகதாசனின் வானுக்கு ஓடி வந்தார்கள். தனுசியா யன்னலோரத்து இருக்கையில் ஏறி இருந்து, புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். குகதாசன் திரும்பி ஒவ்வொருவராக எண்ணினார். எண்ணிக்கை இரண்டு தரம் பிழைத்தது.

கலியாண மண்டபத்தில் பூரணம் முதல் பந்தியில் தனியாக இருந்து, பாயாசத்தை இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தார் என்று நடராசா பிறகு சொன்னார். அப்போது எதிர்ப்பக்கத்து வெயிலில் கனகாம்பிகை ரீச்சரைச் சுற்றி முப்பது பேரும் நின்றார்களாம். பூரணத்துக்கு உறவென்றால் இனி அந்த வான் தங்களுக்கும் நிற்கும் என்று, அவருக்குத் தாங்கள் என்ன முறை எனக் கண்டுபிடித்துத் தரும்படி ஒவ்வொருவரும் தங்கள் பாட்டனாரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். தலைவரின் பெயர் வரிசையில் முதலாவதாக இருந்தது. ஆனால் அவருடைய பகுதியில் கரவெட்டியில் ஒருவரும் சம்பந்தம் செய்திருக்கவில்லை.